பிளாக் கழற்றி மாட்டினால் பலம் கூடுமா? அளந்து பார்ப்போம்

மாணவர்களே, பீடோங் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணி. மூன்று நாளாகப் பட்டறையில் கிடந்த அப்பாவின் கப்சாய் வீடு திரும்பியிருக்கிறது. பிளாக்கைக் கழற்றி, போர் அடித்து, புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டு, வால்வு தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இறங்குகிறார்.

"நல்லா பிக்அப் வந்துருச்சுப்பா! முன்ன நூறுதான் போகும். இப்ப நூத்துப்பத்து தொடுது!"

அப்பா பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்கிறார்: "ஒட்டுப்பால் மூட்டையோட அந்த மேட்டுல ஏறுதா?"

அண்ணன் அதோடு விடவில்லை. இதற்கே பத்து கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்றால், இன்னும் பெரிய பிளாக்கும் பெரிய கார்புரேட்டரும் போட்டால் எங்கேயோ போய்விடும் என்கிறார். அதற்கு இன்னும் சில நூறு ரிங்கிட் வேண்டும். கொடுக்கலாமா? முதல் செலவால் உண்மையில் எவ்வளவு திறன் கூடியது என்று தெரியாமல் இரண்டாவது செலவை முடிவு செய்ய முடியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி அளப்பதுதான். ஆனால் எஞ்சினின் திறனை அளப்பது, நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் தந்திரமான வேலை.

அண்ணனின் அந்த "நூத்துப்பத்தை" முதலில் எடுத்துக்கொள்வோம். (கூட்டரசுச் சாலையில் வேக வரம்பு 90 என்பதை அண்ணனுக்கு யாராவது நினைவுபடுத்துங்கள்.) வேகமாகப் போகும்போது எஞ்சின் தன் திறனில் பெரும்பகுதியைக் காற்றைத் தள்ளுவதற்கே செலவிடுகிறது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. ஆகவே தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 100இலிருந்து 110க்குப் போக, வேகம் 1.1 மடங்கு, திறன் 1.1 × 1.1 × 1.1, அதாவது 1.33 மடங்கு. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன்! டயர் உராய்வைக் கணக்கில் சேர்த்தால் இந்த எண் சற்றுக் குறையும், ஆனாலும் பெரியதுதான். மறுபக்கம் பாருங்கள்: எஞ்சினின் திறன் உண்மையாகவே 10 விழுக்காடு கூடியிருந்தால், 100 கிலோமீட்டர் வேகம் 103 ஆகும். அவ்வளவுதான். அந்த மூன்று கிலோமீட்டரை, ஆடிக்கொண்டிருக்கும் மீட்டர் முள்ளில் யாராலும் படிக்க முடியாது. அன்று பின்னாலிருந்து கொஞ்சம் காற்று அடித்திருந்தாலே போதும்.

அப்படியென்றால் அண்ணன் பொய் சொல்கிறாரா? இல்லை. உடம்பு அப்படித்தான் உணரும். புதிதாகச் சரிசெய்த எஞ்சினின் சத்தம் மாறியிருக்கும், அதிர்வு குறைந்திருக்கும், பணம் செலவழித்த நினைப்பும் கூடவே இருக்கும். இவை எல்லாம் சேர்ந்து "பறக்குது" என்று மனத்துக்குச் சொல்கின்றன. உட்காரும் இடத்தை அளவுகருவியாக நம்பாதீர்கள் என்று பந்தய மெக்கானிக்குகள் வேடிக்கையாகச் சொல்வது இதனால்தான்.

பட்டறையில் என்ன நடந்தது?

கப்சாய் என்று நாம் சொல்லும் வண்டிக்கு மூதாதை ஹோண்டாவின் சூப்பர் கப். 1958இல் ஜப்பானில் வெளிவந்தது. அந்தக் "கப்" நம் நாட்டில் கப்சாய் ஆனது. நம் கெடாவுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. ஜெராய் மலை அடிவாரத்தில், குருணில்தான் மொடேனாஸ் தொழிற்சாலை இருக்கிறது. மோட்டோசிக்கல் டான் எஞ்சின் நேஷனல் என்பதன் சுருக்கமே மொடேனாஸ். 1996இல் அங்கிருந்து வெளிவந்த கிறிஸ் 110, காவாசாகியின் காஸே என்ற வண்டியின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டது. உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ இன்றும் ஒன்றிரண்டு ஓடிக்கொண்டிருக்கும்.

கிறிஸ் எஞ்சினை எடுத்து ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரே ஒரு சிலிண்டர். அதன் உள்விட்டம் 53 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 50.6 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பளவைக் கண்டுபிடித்து உயரத்தால் பெருக்குங்கள். ஏறக்குறைய 111.6 கன சென்டிமீட்டர் வரும். அதுதான் வண்டியின் புத்தகத்தில் 111 சி.சி. என்று போட்டிருப்பது.

பல ஆண்டுகள் ஓடிய பிறகு சிலிண்டரின் சுவர் தேய்ந்து, வட்டம் கொஞ்சம் கோணலாகிவிடும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளும் தேயும். பட்டறையில் சுவரைச் சீராகக் கடைந்து, சற்றே பெரிய பிஸ்டன் போடுவார்கள். இதைத்தான் ஓவர்சைஸ் என்கிறார்கள். வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1 மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் போகும். 0.50 போட்டதாக வைத்துக்கொள்வோம். விட்டம் 53.5 ஆகிறது. மறுபடியும் கணக்கைப் போடுங்கள்: 113.7 சி.சி. கூடியது 2 விழுக்காடுதான். "போர் அடிச்சா பவர் ஏறும்" என்று பட்டறை வாசலில் கேட்கிறோமே, அந்தப் போரால் ஏறுவது இவ்வளவே.

ஆனாலும் எஞ்சின் நன்றாக இழுப்பது உண்மைதான். காரணம் வேறு. தேய்ந்த ரிங்குகளின் வழியாகவும் சரியாக மூடாத வால்வின் வழியாகவும் அழுத்தப்பட்ட வாயு இத்தனை நாளும் கசிந்துகொண்டிருந்தது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய வாயு, பக்கவாட்டில் நழுவிக் கீழே எண்ணெய் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டது. எண்ணெயும் மேலே ஏறி எரிந்து நீலப் புகையாக வந்தது. பட்டறை அண்ணன் அந்த ஓட்டையை அடைத்திருக்கிறார். அவர் புதிதாகத் திறனைச் சேர்க்கவில்லை. தொலைந்துபோனதை மீட்டுக் கொடுத்திருக்கிறார். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த அளவை ஒரு நல்ல வேலை திரும்பத் தொடும். அதைத் தாண்டி வெகுதூரம் போகாது.

இந்தக் கசிவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பாவின் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழலும்போது, பிஸ்டன் கீழிருந்து மேலே போக எடுக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் நான்கு பங்குக்கும் குறைவு. 3,000 சுற்றில் அதுவே ஆயிரத்தில் பத்து பங்கு. வாயு கசிவதற்கு நேரம் வேண்டும். வேகமாகச் சுழலும் எஞ்சினில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. மெதுவாகச் சுழலும்போது நிறையவே கிடைக்கிறது. ஆகவே ரிங் தேய்ந்த வண்டி, மிதித்து ஸ்டார்ட் செய்யும்போதும், சுமையோடு மெதுவாக மேடு ஏறும்போதும்தான் அதிகம் திணறும். ரிங் மாற்றியதன் பலனும் அங்கேதான் அதிகம் தெரியும். அண்ணன் பார்த்த உச்ச வேகத்தில் அல்ல.

குதிரை, கயிறு, உருளை

திறன் என்பது ஒரு நொடியில் செய்யப்படும் வேலை. பள்ளியில் "குவாசா" என்று படித்திருப்பீர்கள். அலகு வாட். வண்டிக்காரர்கள் இன்னும் குதிரைத்திறன் என்றே பேசுகிறார்கள். நீராவி எஞ்சினை விற்க வந்த ஜேம்ஸ் வாட், வாங்குகிறவர்களுக்குப் புரியவேண்டுமே என்று தன் எஞ்சினை அவர்களிடம் ஏற்கெனவே இருந்த குதிரைகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். அவர் வைத்த அளவு இன்றைய கணக்கில் 746 வாட். ஜப்பானியரும் ஐரோப்பியரும் பயன்படுத்தும் மெட்ரிக் குதிரைத்திறன் கொஞ்சம் சிறிய குதிரை, 735.5 வாட். இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றரை விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. முன்பு எடுத்த அளவு ஒரு குதிரையிலும் பின்பு எடுத்த அளவு மற்றொரு குதிரையிலும் இருந்தால், எஞ்சினைத் தொடாமலேயே திறன் "கூடிவிடும்". அதனால் கிலோவாட்டிலேயே எழுதுங்கள்.

சுழலும் எஞ்சினின் திறனை எப்படி அளப்பது? 1821இல் பிரெஞ்சுப் பொறியாளர் காஸ்பார் டி புரோனி ஒரு வழி கண்டுபிடித்தார். சுழலும் உருளையை இரண்டு மரக்கட்டைகளால் இறுகப் பிடித்தார். உருளை கட்டையையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். கட்டையில் நீளமான ஒரு கை இணைத்து, கையின் நுனியில் எடை தொங்கவிட்டு, அது சுழலாமல் நிறுத்தினார். எவ்வளவு எடை, கை எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் முறுக்குவிசை தெரிந்துவிடும். அதைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கினால் திறன். எஞ்சின் கொடுத்த ஆற்றல் முழுவதும் கட்டையில் உராய்வு வெப்பமாகிப் புகையும். அதனால் 1877இல் இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட், கட்டைக்குப் பதிலாகத் தண்ணீரைக் கலக்கி எஞ்சினுக்குச் சுமை கொடுக்கும் கருவியை உருவாக்கினார். கப்பல் எஞ்சினையே அதனால் அளக்க முடிந்தது.

இப்போது மோட்டார் சைக்கிளுக்கு அதிகம் பயன்படுவது இன்னும் எளிமையானது. தரையில் ஒரு கனமான இரும்பு உருளை. அதன்மேல் வண்டியின் பின்சக்கரம் நிற்கும். முன்சக்கரத்தைக் கட்டி வைத்துவிட்டு, திராட்டலை முழுவதும் திறந்தால் சக்கரம் உருளையைச் சுழற்றும். உருளை எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்று கணினி பார்த்துக்கொண்டிருக்கும். பட்டறைக்காரர்கள் "டைனோ" என்பது இதைத்தான்.

அந்தக் கணினி செய்யும் கணக்கை நீங்களே செய்யலாம். 250 கிலோ எடையுள்ள திடமான உருளை என்று வைத்துக்கொள்வோம். திட உருளை சுழலும்போது, அதன் விளிம்பில் பாதி எடை, அதாவது 125 கிலோ, நேராக ஓடுவதுபோல நடந்துகொள்ளும். விளிம்பின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆகிறது. நொடிக்கு மீட்டராக மாற்றினால் 11.1இலிருந்து 22.2. இயக்க ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கியது. இரண்டு வேகங்களுக்கும் கணக்கிட்டுக் கழித்தால் ஏறத்தாழ 23,150 ஜூல். சக்கரமும் சுழல்கிறதே என்று கேட்பீர்கள். இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பு இதற்கு 4.6 நொடி ஆனது என்றால், 23,150ஐ 4.6ஆல் வகுக்க, 5.03 கிலோவாட். வேலை முடிந்த பிறகு 4.3 நொடி என்றால் 5.38 கிலோவாட். 7 விழுக்காடு கூடுதல். நல்ல செய்திதான். ஆனால் இந்த 7 விழுக்காடு முழுவதும் 0.3 நொடியில் அடங்கியிருக்கிறது. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பவர், கண்ணால் பார்த்து விரலால் அழுத்துவதற்கே கிட்டத்தட்ட 0.2 நொடி எடுத்துக்கொள்வார், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்காது. அளக்க வந்த பொருளும் அளப்பவரின் பிழையும் ஏறக்குறைய ஒரே அளவு! சாலையில் நண்பரை நிறுத்தி "ஸ்டார்ட்" "ஸ்டாப்" சொல்லி எடுத்த கணக்குகள் பெரும்பாலும் இதனால்தான் ஒன்றுக்கும் உதவாமல் போகின்றன. தோட்டத்துச் சாலையில் அதைச் செய்யவே வேண்டாம். மாடும் வரும், சின்னப் பிள்ளையும் வரும். உங்களில் பலருக்கு உரிமம் எடுக்கும் 16 வயதும் ஆகவில்லை.

டைனோவில் வந்த எண், வண்டியின் புத்தகத்தில் போட்டிருப்பதைவிடக் குறைவாக இருந்தால் பதற வேண்டாம். புத்தகத்தில் இருப்பது எஞ்சினின் தண்டில் அளந்தது. உருளை பார்ப்பது பின்சக்கரத்தில் வந்து சேர்ந்ததை. நடுவில் கிளட்ச், கியர், சங்கிலி, டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும்.

ஒரு முறை போதாது

டைனோவில் ஏற்றிவிட்டால் மட்டும் உண்மை வந்துவிடுமா? ஒரே வண்டியை, ஒன்றையும் மாற்றாமல், ஐந்து முறை ஓட்டினால் ஐந்து எண்கள் வரும். எண்களை நானே வைத்துச் சொல்கிறேன். பிரிப்பதற்கு முன்: 4.9, 5.1, 5.0, 4.8, 5.2 கிலோவாட். பிரித்து மாட்டிய பின்: 5.3, 5.5, 5.4, 5.2, 5.6.

முன்பு வந்ததில் மிகச் சிறியதையும் பின்பு வந்ததில் மிகப் பெரியதையும் எடுத்து ஒரு விளம்பரப் பலகை எழுதலாம்: 4.8இலிருந்து 5.6. பதினேழு விழுக்காடு ஏற்றம்! சராசரியைப் பார்த்தால் 5.0இலிருந்து 5.4, எட்டு விழுக்காடு. இரண்டு பட்டியலும் ஒரே நாளில், ஒரே கருவியில் வந்தவைதான், யாரும் எண்ணைத் திருத்தவில்லை. வேண்டியதை மட்டும் பொறுக்கியிருக்கிறார்கள். அதே மாதிரி, முன்பு ஒரே ஒருமுறை ஓட்டி 5.2 வந்து, பின்பும் ஒருமுறை ஓட்டி 5.2 வந்திருந்தால், "காசு வீண்" என்று அப்பா சொல்லியிருப்பார். அதுவும் தவறுதான். ஒரு முறை அளந்த எண்ணோடு யாராவது வந்தால், "மற்ற நான்கு எங்கே?" என்று கேளுங்கள்.

அடுத்து வானிலை. நம் ஊரில் விடியற்காலை 24 பாகை செல்சியஸ். உச்சி வெயிலில் 34. காற்று சூடானால் விரியும். அதே சிலிண்டருக்குள் குறைவான காற்றே நுழையும். 24க்கும் 34க்கும் இடையில் காற்றின் அடர்த்தி 3 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. போதாததற்குப் புழுக்கம் வேறு. மழைக்கு முந்தைய நம் பிற்பகலில், எஞ்சின் இழுக்கும் காற்றில் ஏறக்குறைய 3 விழுக்காடு நீராவியாக இருக்கும்; நீராவியால் பெட்ரோலை எரிக்க முடியாது. அதனால்தான் பொறியாளர்கள் அளந்த எண்ணை ஒரு பொது வானிலைக்கு மாற்றிச் சொல்கிறார்கள். அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற முறையில் அந்தப் பொது வானிலை 25 பாகை வெப்பமும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தமும். அந்த முறைப்படி, வெப்பத்தில் மட்டும் 24க்கும் 34க்கும் இடையில் 2 விழுக்காடு வேறுபாடு வரும். முன்பு எடுத்த அளவு பிற்பகலிலும் பின்பு எடுத்தது விடியற்காலையிலும் என்றால், நம்முடைய 8 விழுக்காட்டில் இரண்டு ஜெராய் மலைக் காற்றின் கணக்கு. பட்டறையின் கணக்கில் ஆறுதான்.

இன்னும் இருக்கிறது. டயரில் காற்று குறைவாக இருந்தால் உருளையின்மேல் டயர் அதிகம் நசுங்கித் திறனைத் தின்னும். வண்டியைக் கட்டும் வாரை இறுக்கிக் கட்டினாலும் அப்படியே. முன்பு மூன்றாவது கியரில் அளந்தால் பின்பும் மூன்றாவதில்தான் அளக்க வேண்டும். எஞ்சின் இரண்டு முறையும் ஒரே அளவு சூடாகியிருக்க வேண்டும். கப்சாயில் கைக்கிளட்ச் இல்லை. சுழற்சி வேகத்தால் தானாகப் பிடிக்கும் கிளட்ச். அது தேய்ந்து வழுக்கினால், எஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும் உருளைக்குப் போய்ச் சேராது. பட்டறையில் எஞ்சினோடு சேர்த்துச் சங்கிலியையும் மாற்றி, புது மினியாக் ஹித்தாமும் ஊற்றி, காற்று வடிகட்டியையும் துடைத்துக் கொடுத்திருந்தால், கூடியது எதனால் என்று யாருக்குத் தெரியும்? என்னைக் கேட்டால், சங்கிலி, டயர், வடிகட்டி எல்லாவற்றையும் முதலிலேயே சரிசெய்துவிட்டு, அப்புறம் "முன்" அளவை எடுக்க வேண்டும். பாதி வண்டிகளுக்குப் பிளாக்கைக் கழற்றாமலேயே அங்கேயே கொஞ்சம் உயிர் வந்துவிடும்.

"பின்" அளவை வண்டி வந்த அன்றே எடுக்கவும் கூடாது. புது ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டிப் பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை முறுக்காமல், ஒரே வேகத்திலேயே ஓட்டாமல், மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். அண்ணன் முதல் நாளே நூற்றுப்பத்து தொட்டது அந்த ரிங்குக்கு நல்லதில்லை.

உச்ச எண்ணும் மேட்டுச் சாலையும்

இப்போது அண்ணனின் அடுத்த ஆசைக்கு வருவோம். பெரிய கார்புரேட்டர், வேறு கேம். அவை உண்மையிலேயே உச்சத் திறனைக் கூட்டலாம். எங்கே கூட்டும் என்பதுதான் கேள்வி. திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கியது. ஓர் எஞ்சின் 4,000 சுற்றில் 8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுத்தால் அதன் திறன் 3.35 கிலோவாட். 8,000 சுற்றில் முறுக்குவிசை 6.5க்கு இறங்கினாலும் திறன் 5.45 கிலோவாட். காகிதத்தில் பெரிதாக அச்சாவது இரண்டாவது எண். மூட்டையோடு மேடு ஏறும் அப்பா வாழ்வது முதல் எண்ணில். வேகமாகச் சுழல்வதற்கென்று மாற்றிய எஞ்சின், 8,000இல் அரை கிலோவாட் கூட்டிவிட்டு 4,000இல் அதே அளவைப் பறித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே டைனோக் காகிதத்தில் ஒரு எண்ணை மட்டும் பார்க்காமல், முழுக் கோட்டையும் பாருங்கள். முன் கோட்டையும் பின் கோட்டையும் ஒரே தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். (எஞ்சின் கொள்ளளவை மாற்ற ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும் என்பதும் அண்ணனுக்குத் தெரிந்திருக்கட்டும்.)

டைனோவுக்குப் போக வசதியில்லாத வீட்டுக்கு என்ன வழி? கம்பிரஷன் மீட்டர் என்ற சின்னக் கருவி பெரும்பாலான பட்டறைகளில் இருக்கும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் மீட்டரைத் திருகி, திராட்டலை முழுவதும் திறந்து வைத்து, முள் ஏறாமல் நிற்கும்வரை மிதிக்க வேண்டும். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் தங்குகிறது என்று முள் சொல்லும். இது திறனை அளக்காது. ஆனால் பிளாக்கைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா என்பதைச் சொல்லும். பிறகு பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் மிதியுங்கள். எண்ணெய் ரிங்கைச் சுற்றி இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைக்கும். முள் நன்றாக ஏறினால் கசிவு ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில், அதற்குப் பிளாக்கில் போர் அடித்துப் பயனில்லை. ஐந்து நிமிட வேலை இது. எந்தப் பட்டறை அண்ணனிடம் கேட்டாலும் செய்து காட்டுவார். எஞ்சின் ஓடும்போது மட்டும் கதவடைத்த அறைக்குள் நிற்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அதற்கு முன் இந்த வாரம் பள்ளியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். எஞ்சின் நீங்கள்தான். ஒரு மாடிக்கான படிகளை எண்ணி, ஒரு படியின் உயரத்தால் பெருக்குங்கள். 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எடை 50 கிலோ என்றால், மேலே ஏற நீங்கள் செய்யும் வேலை 50 × 9.8 × 3.5, அதாவது 1,715 ஜூல். மூன்று நொடியில் ஏறினால் 572 வாட். முக்கால் குதிரை! கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏறுங்கள். இறங்கும்போது நடந்து வாருங்கள். நண்பர் நேரம் எடுக்கட்டும். இடையில் நன்றாக ஓய்வெடுத்து ஐந்து முறை ஏறி, ஐந்து எண்ணையும் எழுதுங்கள். மறுநாள் ஓய்வு நேரத்தில் ஒரு நாசி லெமாக் சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஐந்து முறை.

நாசி லெமாக் உங்கள் திறனைக் கூட்டியதா? சொல்வதற்கு முன், முதல் நாளின் ஐந்து எண்களில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் எத்தனை வாட் இடைவெளி என்று பார்த்துவிடுங்கள்.